மனை மண் ஊருணிக்குப் போகலாமா?

கேள்வி: கடலிலிருந்து 300 மீட்டர் தள்ளி ஒரு ஏக்கர் இடம் இருக்கிறது. மூன்றடி மண் அடித்து வீடு கட்டப் போகிறேன். பக்கத்தில் ஊருணி வரத்துக்கால் ஓடுகிறது. அமெரிக்காவில் இருக்கும் மகன், அங்கே ஒரு ஏக்கர் மண்ணைக் கிளறினாலே மழைநீர் அனுமதி வேண்டும் என்கிறான். இங்கேயும் உண்டா?
- வாசகர், பெரியபட்டினம்

பதில்: மகன் சொல்வது சரிதான். அங்கே ஒரு ஏக்கரோ அதற்கு மேலோ கிளறினால் அனுமதி வேண்டும். மண் வெளியே போகாமல் எப்படித் தடுப்பீர்கள் என்று திட்டமும் எழுத வேண்டும். நம் ஊரில் ஒரு வீட்டுக்கு அப்படித் தனி அனுமதி கிடையாது. 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள கட்டடங்களுக்குத்தான் மத்திய அரசின் 2006 அறிவிக்கைப்படி சுற்றுச்சூழல் அனுமதி.

ஆனால் உங்கள் இடம் 500 மீட்டருக்குள் இருப்பதால் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் வருகிறது. தூரத்தை உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது கடல் ஏறும்போது தண்ணீர் எட்டும் எல்லையிலிருந்து அளக்க வேண்டும், இப்போது தண்ணீர் நிற்கும் இடத்திலிருந்து அல்ல. சர்வே எண்ணை மண்டல வரைபடத்தில் பார்த்த பிறகே பிளான் போடச் சொல்லுங்கள். மனையில் மணல் மேடு இருந்தால் சமப்படுத்தாதீர்கள், அதற்குத் தடை. அடிக்கும் மண்ணுக்கு லாரிக்காரரிடம் நடைச்சீட்டு (மண்ணை ஏற்றிச்செல்ல அரசு தரும் சீட்டு) கேட்டு வாங்குங்கள்.

மழைநீர் அனுமதி தேவையில்லை என்பதால் மண்ணைக் கவனிக்காமல் விட்டுவிடாதீர்கள். முப்பது வருஷம் கட்டட மேற்பார்வை பார்த்தவன் நான். மண்டபம் பக்கம் ஒரு வேலையில் கிராவலை வரத்துக்கால் ஓரம் கொட்டச் சொன்னேன். ஐப்பசி மாசம். ராத்திரி முழுக்க மழை. விடிந்து பார்த்தால் ஊருணி செங்காவியாகக் கிடந்தது. குடத்தோடு வந்த ஓர் அம்மா படியில் குனிந்து ஒரு கை அள்ளிப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் வெறுங்குடத்தோடு திரும்பிவிட்டார். இன்னும் அந்தக் கை என் கண்ணில் நிற்கிறது. அந்தச் சேறு கடலுக்குப் போனாலும் கேடுதான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளத்தின் மேல் படிந்தால் அது வெளிச்சமில்லாமல் செத்துப்போகும்.

அதனால் தையில் தொடங்கி ஆவணிக்குள் மண் வேலையை முடியுங்கள். வரத்துக்கால் பக்கம் பத்தடிக்குப் புல்லையும் வடலியையும் வழிக்காமல் விடுங்கள். அதற்கு உள்பக்கமாக அரையடி பள்ளம் பறித்து, சாக்கை வரிசையாகக் கம்பில் கட்டி நிறுத்தி, அடி ஓரத்தைப் பள்ளத்தில் புதைத்து மிதித்துவிடுங்கள். புதைக்காவிட்டால் தண்ணீர் அடியில் புகுந்து மண்ணோடு போய்விடும். கால்வாய்க்குக் குறுக்கே மட்டும் கட்ட வேண்டாம், வேகத்துக்கு நிற்காது. மண் குவியலுக்குத் தார்ப்பாய் போடுங்கள். அப்புறம், மூன்றடி ஏற்றினால் பக்கத்து வீட்டு மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் திரும்பும் என்று அவர்களையும் கூட்டிவைத்து மட்டம் பாருங்கள்.

மழை விட்ட மறுநாள் சாக்கு ஓரம் தங்கிய மண்ணை அள்ளி மனைக்குள்ளேயே போட்டுவிடுங்கள்.