மாலரியின் ஆர்தர் கதைகள்: ஐந்தாம் புத்தகத்தில் நின்றுபோனவருக்கு

ஆர்தர் அரசனையும் அவன் வீரர்களையும் பற்றி பதினைந்தாம் நூற்றாண்டில் மாலரி ஆங்கிலத்தில் எழுதிய கதைகளை, பெங்குவின் பதிப்பகம் போட்ட இரண்டு தொகுதிகளாக வாங்கி, ரோமாபுரிப் போர் வரும் ஐந்தாம் புத்தகத்தில் (அதாவது ஐந்தாம் பகுதியில்) சலித்துப்போய் மூடிவைத்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். நானும் அங்கேதான் நின்றேன். அதை விட்டுவிட்டு நேரே ஏழாம் புத்தகத்துக்குப் போங்கள். ஆர்தரின் அரண்மனை அடுக்களையில் ஓராண்டு கிடந்த இளைஞன் கேரத், முற்றுகையில் சிக்கிய ஒருத்தியை மீட்க அவள் சகோதரியோடு புறப்படுகிறான். உன் மேல் அடுக்களை நாற்றம் அடிக்கிறது, தள்ளியே வா என்று வழியெல்லாம் அவள் ஏசுகிறாள். அவனோ பொறுத்துக்கொண்டு, எதிர்ப்படும் வீரர்களை ஒவ்வொருவராக வென்றுகொண்டே போகிறான். வீரநெறி என்றால் என்ன என்பது அந்தப் பொறுமையில்தான் எனக்குப் பிடிபட்டது.

அப்புறம், பதிப்பு. உங்களிடம் இருப்பது 1485-இல் இங்கிலாந்தின் முதல் அச்சகர் காக்ஸ்டன் அச்சிட்ட வடிவம். 21 புத்தகங்களாகப் பிரித்தவர் அவர்தான். 1934-இல் வின்செஸ்டர் கல்லூரியில் இதே நூலின் பழைய கையெழுத்துப் பிரதி ஒன்று கிடைத்தது. அதில் ஆள்பெயர்கள் எல்லாம் சிவப்பு மையில் இருக்கும், அவ்வளவு அழகு! அதை வைத்து ஆக்ஸ்போர்டு பதிப்பகத்துக்காக ஹெலன் கூப்பர் செய்த பதிப்பு ஒரே தொகுதி, இன்றைய எழுத்துக்கூட்டல். சுருக்கம்தான், ஆனாலும் முதல் வாசிப்புக்கு அதையே சொல்வேன். பழைய எழுத்துக்கூட்டலோடு முழுதாக வேண்டுமென்றால் நார்ட்டன் பதிப்பகத்தின் பதிப்பு இருக்கிறது. அவசரமில்லை, முதலில் கேரத்தைப் படியுங்கள்.