கொடூரமான தேவதைக் கதைகளைப் பெரியவர்கள் விரும்பிப் படிப்பது ஏன்? இது மனக்கோளாறா?

வீட்டில் யாரோ உங்கள் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஏதோ சொல்லியிருக்கிறார்கள், அதனால்தான் இந்தக் கேள்வி. சரிதானே? எனக்கும் நடந்தது. "பிள்ளைங்க இருக்கிற வீட்டுல இந்தக் கருமத்தை எதுக்கு வச்சிருக்கே" என்றார் என் அண்ணி. அதே அண்ணி கரண்ட் போன ராத்திரிகளில் நல்லதங்காள் கதையை விஸ்தாரமாகச் சொல்வார். பசி தாங்காமல் பெற்ற தாயே ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் தள்ளுகிற கதை. அது புண்ணியக் கதையாம், ஜெர்மன்காரன் தொகுத்தால் மட்டும் கருமமாம். (அந்தக் கதையில் சோறு போடாமல் விரட்டுவது ஓர் அண்ணிதான் என்பதை நான் வாய் திறந்து சொல்லவில்லை.)

ஜெர்மன் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களின் 1812-ஆம் வருட முதல் பதிப்பில் ஸ்நோ ஒயிட் என்ற ராஜகுமாரியைக் கொல்லச் சொல்வது பெற்ற தாய்தான். 1819 பதிப்பில் அவளைச் சித்தியாக்கிவிட்டார்கள். எனக்குப் பழையதுதான் பிடிக்கிறது, ஏனென்றால் பயம் காட்டில் இல்லை, அடுப்படியில் இருக்கிறது என்று அது ஒளிக்காமல் சொல்கிறது. இன்னொன்று, அந்தக் கதைகள் சொல்லப்படுகிற தொனி. சிண்ட்ரெல்லாவின் செருப்பு நுழையவில்லை என்றதும் அக்காளின் கையில் கத்தியைக் கொடுத்து, விரலை வெட்டிக்கொள், ராணியான பிறகு நடக்கவா போகிறாய் என்கிறாள் தாய். அவ்வளவுதான். ஐயோ பாவம் என்று ஒரு வரிகூட இல்லை, கதை அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது.

என் அப்பத்தாவும் அப்படித்தான் சொல்வார். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியிலிருந்து தப்பி மண்டபம் பக்கம் வந்து குடியேறியவர். மணலில் வலை விரித்து நெத்திலியைக் கையால் பரப்பிக்கொண்டே, "பாம்பன்ல இருந்து ரயிலு வந்துச்சு. கடலும் வந்துச்சு. ரயிலைக் காணோம். அந்தக் காக்காயை வெரட்டு" என்பார். பேய்க் கதையும் அதே குரல்தான், ராஜகுமாரி கதையும் அதே குரல்தான். அழுகிற வேலையை அவர் கேட்கிறவர்களிடம் விட்டுவிடுவார். இந்தத் தொகுப்புகளில் நான் தேடுவது அந்தக் குரலைத்தான்.

ரத்தம் பார்த்து ரசிக்கிறவள் என்று கமெண்டில் யாராவது வருவதற்கு முன் சொல்லிவிடுகிறேன், கோழி அறுக்கும்போதுகூட நான் கொல்லைப் பக்கம் போக மாட்டேன். சின்னப் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் அப்படியே வாசித்துக் காட்டுங்கள் என்றும் நான் சொல்லவில்லை.

மனக்கோளாறு என்றால், தனுஷ்கோடிக்கு வந்து இடிந்த சர்ச்சுக்கு முன்னால் கேமராவை நட்டுவைத்து, "பேய் நகரத்தில் ஓர் இரவு" என்று பின்னணியில் உறுமல் சத்தம் போட்டு வீடியோ எடுக்கிறார்களே, அவர்களைக் கேளுங்கள். அங்கே இன்றைக்கும் குடிசை போட்டு மீன்பிடிக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் துவைத்துக் காயப்போட்ட துணி வீடியோவில் விழுந்துவிடாமல் பார்த்துப் பார்த்து எடுக்கிறார்கள். உப்புக் காற்றில் அந்த கேமராக்கள் துருப்பிடித்துப் போனால் எனக்குத் துளி வருத்தமில்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, படியுங்கள். ராத்திரிக்கு ஒரு கதை போதும். சிறுகதை என்பதால்தான் தாங்குகிறது, இதையே நானூறு பக்க நாவலாக இழுத்திருந்தால் நானே பாதியில் மூடி வைத்திருப்பேன்.