மேடு பள்ளத்தை வைத்து மண் ஈரத்தைக் கணிப்பது: கேள்வி பதில்

கேள்வி: உயரத் தரவு மட்டும் கையில் இருக்கிறது. மண்ணில் எத்தனை சதவீதம் ஈரம் என்று சொல்லிவிட முடியுமா சார்?

பதில்: முடியாது. எந்த இடம் எதைவிட ஈரமாக இருக்கும் என்ற வரிசையைத்தான் நிலத்தின் வடிவம் சொல்லும். சதவீதம் வேண்டுமென்றால் மண்ணை எடுத்து எடை போட்டே ஆக வேண்டும்.

அந்த வரிசைக்குப் பெரும்பாலும் எடுத்துக்கொள்வது, 1979-இல் நீரியல் ஆய்வாளர்கள் பெவனும் கிர்க்பியும் முன்வைத்த ஈரக் குறியீடு. எண் கூடக் கூட அந்த இடம் ஈரமாக இருக்கும். உயரத் தரவில் ஓர் உயர எண் உள்ள ஒவ்வொரு சதுரமும் ஒரு கட்டம். ஓர் இடத்துக்கு மேலிருந்து நீர் வடிந்து வரும் பரப்பைக் கட்டத்தின் அகலத்தால் வகுங்கள். வந்ததைச் சரிவின் டேன் (tan) மதிப்பால் வகுத்து, இயல் மடக்கை (ln) எடுங்கள். 10 மீட்டர் கட்டத்தில் 500 கட்டங்களின் நீர் வந்து சேர்ந்தால் பரப்பு 50,000 சதுர மீட்டர். அகலத்தால் வகுத்தால் 5,000. சரிவு 2 டிகிரி என்றால் டேன் 0.035. குறியீடு ஏறக்குறைய 11.9. மேட்டு உச்சியில் தன் நீரைத் தவிர வேறு வராத கட்டத்துக்கு, 15 டிகிரி சரிவில், 3.6தான் வரும்.

கேள்வி: கியூஜிஐஎஸ் (QGIS) வரைபட மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். சமவெளிப் பகுதி முழுக்க இணைகோடுகளாக விழுகிறது. சில கட்டங்களில் மதிப்பே இல்லை.

பதில்: இரண்டும் வேறு வேறு கோளாறு. கோடுகள் விழுவது, மொத்த நீரையும் எட்டுத் திசைகளில் ஏதாவது ஒன்றுக்கே அனுப்பும் முறையால். நீரைப் பல திசைகளுக்குப் பிரித்து விடும் முறைக்கு மாறுங்கள், சாகா (SAGA) என்ற மென்பொருளில் இருக்கிறது. மதிப்பு இல்லாமல் போவது, சரிவு பூஜ்ஜியமாகி வகுக்க முடியாமல் போவதால். டேன் மதிப்புக்குக் கீழ்வரம்பாக 0.001 வைத்தால் சரியாகிவிடும்.

அதற்கும் முன்னால் ஒன்றைப் பாருங்கள்: சரிவுப் படத்தில் எங்கு பார்த்தாலும் 80, 89 டிகிரியா? அப்படியென்றால் கட்ட அளவு டிகிரியிலும் உயரம் மீட்டரிலும் இருக்கிறது. முதலில் யூடிஎம் (UTM) போன்ற, மீட்டரில் அளக்கும் வரைபட முறைக்கு மாற்றுங்கள்.

கேள்வி: கணக்குக்கு முன் உயரத் தரவில் உள்ள பள்ளங்களை நிரப்பும் வேலை கட்டாயமா?

பதில்: நீர் தடையில்லாமல் ஓட ஏதாவது செய்தாக வேண்டும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பாதீர்கள். சாலைக்கு அடியில் குழாய்ப் பாலம் இருப்பது உயரத் தரவுக்குத் தெரியாது. சாலையை அணை என்று எண்ணி, மேல்பக்கம் ஒரு பொய்க் குளத்தைத் தட்டையாக நிரப்பிவிடும். அங்கே தடையை வெட்டி வழி விடும் முறைதான் நல்லது.

கேள்வி: 30 மீட்டர் கட்டத் தரவு போதுமா, லேசர் ஒளியால் அளந்த 1 மீட்டர் லைடார் தரவு வேண்டுமா?

பதில்: 30 மீட்டரில் சிறு ஓடைகள் காணாமல் போகும். விண்ணிலிருந்து அளந்த எஸ்ஆர்டிஎம் (SRTM), கோப்பர்நிக்கஸ் உயரத் தரவுகள் இரண்டிலும் மரங்களின் உயரமும் கலந்திருக்கும். காட்டின் ஓரம் மலைச்சரிவு போலத் தெரியும். அதற்காக 1 மீட்டரை அப்படியே போட்டால் உழவுச் சாலும் வண்டித்தடமும்தான் நீரை இழுத்துக்கொண்டு போகும். அதை 5 அல்லது 10 மீட்டருக்குச் சராசரியாக்கிவிட்டுத் தொடங்குங்கள். கட்ட அளவு மாறினால் குறியீட்டு எண்ணும் மாறும். ஆகவே இரண்டு தரவுகளின் எண்களை நேருக்கு நேர் ஒப்பிடாதீர்கள்.

கேள்வி: மாதிரி எப்படி எடுப்பது?

பதில்: குறியீட்டைக் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் குறைந்தது பத்து இடம், ஒரே நாளில். நடுவில் மழை பெய்தால் அந்த நாள் கணக்கு வீண்.

100 கன செ.மீ. வளையத்தை மண்ணில் நேராக இறக்கி, இரு பக்கமும் கத்தியால் சீவி, உடனே மூடி எடை போடுங்கள். 105 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் உலர்த்தி மறுபடி எடை. ஈர மண் 161 கிராம், உலர்ந்தபின் 135 என்றால் போன நீர் 26 கிராம். கன அளவில் 26 சதவீதம். இதையே உலர்ந்த மண்ணின் எடைக்குக் கணக்குப் போட்டால் 19.3 சதவீதம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் அதிகம் நடக்கும் தவறு.

பிறகு, கட்டத்தின் ஈரம் = சராசரி ஈரம் + கெழு × (கட்டத்தின் குறியீடு − சராசரிக் குறியீடு). கெழு என்பது குறியீடு ஒன்று கூடினால் ஈரம் எவ்வளவு கூடும் என்பது. சராசரி 0.22, கெழு 0.015, குறியீட்டு வித்தியாசம் 4 என்றால் 0.28, அதாவது 28 சதவீதம். கெழுவை உங்கள் மாதிரிகளிலிருந்துதான் எடுக்க வேண்டும். மணலும் களியும் கலந்த இடமாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கெழு.

கேள்வி: மண் ஈரத்தை அளக்கும் ஸ்மாப் (SMAP) செயற்கைக்கோளின் எண்ணைச் சராசரி ஈரமாக அதில் போடலாமா?

பதில்: போடலாம். அது ஏறக்குறைய 36 கி.மீ. அகலத்துக்கு ஒரே எண், அதுவும் மேல் 5 செ.மீ. மண்ணுக்கு மட்டும். வேர் ஆழத்துக்கு அதையே நீட்டாதீர்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் ஒத்துப்போன கணக்கு, கோடையில் துளியும் ஒத்துப்போகவில்லையே?

பதில்: போகாதுதான். மண் நன்றாக ஈரமாக இருக்கும்போதுதான் நீர் சரிவு வழியே பக்கவாட்டில் நகரும். குறியீடு நிற்பதே அந்த நகர்வின் மேல். காய்ந்த மண்ணில் நீர் மேலும் கீழும்தான் போகும். அப்போது ஈரத்தை முடிவு செய்வது மண்வகை, பயிர், வெயில் படும் திசை. கோடைக்கு அவற்றை வைத்துத் தனிக் கணக்கு போடுங்கள்; ஒரே கெழுவை ஆண்டு முழுக்க ஓட்டாதீர்கள்.