ஐந்து நாள் முந்திப் பிறந்தவன்

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தைச் சில ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். எழுதுவது இதுவே முதல் முறை. எகிப்தில் எஸ்ஸெல்தீன் பஹாதர் என்பவர் 74 வயதில் தொழில்முறைக் கால்பந்து ஆடிக் கின்னஸில் இடம்பிடித்த செய்தியைப் படித்தேன். வயது வெறும் எண்தான் என்பதை அவர் நிரூபித்துவிட்டார். ஆனால் நம் ஊரில் நிலைமை என்ன? என் அக்கா மகன் சிறு வயதிலிருந்து கால்பந்தே கதி என்று இருப்பவன். அண்மையில் ஒரு பயிற்சி மையத்தின் தேர்வுக்கு அவனை அழைத்துப் போனேன். 2010 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு மட்டுமே இடம் என்றார்கள். அவன் பிறந்தது 2009 டிசம்பர் 27. ஐந்து நாள் கழித்துப் பிறந்திருந்தால் மைதானத்துக்குள் விட்டிருப்பார்கள். அவனுடைய சொந்தப் பிரிவிலோ, எல்லாரும் அவனைவிட ஆளாக வளர்ந்தவர்கள். எப்போதும் வெளியே உட்கார வைத்துவிடுகிறார்கள். பிறப்புச் சான்றிதழில் தேதியை மாற்றித் தர ஓர் ஆள் இருக்கிறார். எல்லாரும் செய்வதுதான் என்கிறார்கள். அக்காவுக்கு மட்டும் மனமில்லை. கிரிக்கெட்டைத் தவிர வேறெதற்கும் மதிப்பில்லாத இந்த நாட்டில் திறமைக்கு வயதும் ஒரு தடையா? அவன் தொடர்ந்து ஆடுவதா, படிப்பைப் பார்ப்பதா? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்புடன்,
ஒரு தாய்மாமன்

அன்புள்ள நண்பருக்கு,

சான்றிதழ் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். செய்யாதீர்கள். உங்கள் அக்காவின் பேச்சைக் கேளுங்கள். மாட்டிக்கொள்வீர்கள் என்று பயமுறுத்த நான் வரவில்லை. பதினேழு வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையில் 2009 முதல் ஃபிஃபா மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கிறது; எலும்பின் வளர்ச்சித் தட்டு முழுவதும் மூடிவிட்டதா என்பது அதில் தெரியும். அந்தப் படம் இரண்டு மூன்று வயதைக் குறைத்துச் சொன்னவனைக் காட்டிக்கொடுக்கும். ஐந்து நாளை எந்த எலும்பும் சொல்லாது. ஆக, நீங்கள் தப்பித்துவிடக்கூடும். ஆனால் அந்தப் பையன் பள்ளிச் சான்றிதழிலும் ஆதாரிலும் பாஸ்போர்ட்டிலும் ஒரு பொய்யைத் தூக்கிக்கொண்டு வாழ்நாள் முழுக்க நடக்க வேண்டும். அதைத் தன் கையில் எடுத்துக் கொடுத்தவர் தாய்மாமன் என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்கும். ‘எல்லாரும் செய்வதுதான்’ என்ற வரியை எழுதியபோது உங்களுக்கே கை கூசியிருக்கும் என்று நம்புகிறேன்.

கிரிக்கெட்டைப் பற்றிய புலம்பலை அப்படியே விட்டுவிடுகிறேன். அது எல்லாக் கடிதங்களிலும் வருகிறது. பஹாதரைப் பற்றி ஒரு வார்த்தை. 2020 இல் எகிப்தின் மூன்றாம் பிரிவு லீக்கில் அவர் ஆடியவை இரண்டு ஆட்டங்கள். சாதனைப் புத்தகத்தின் நிபந்தனைக்குத் தேவையானவையும் அவ்வளவுதான். அவருடைய ஆசையை நான் குறைத்துப் பேசவில்லை. அந்த வயதில் தொண்ணூறு நிமிடம் மைதானத்தில் நிற்பதே பெரிது. ஆனால் அது ஒரு முதியவரின் இனிய பிடிவாதம். கால்பந்தில் வயது என்ன செய்கிறது என்பதற்கு அது சான்றாகாது. 1994 உலகக் கோப்பையில் 42 வயதில் கோல் அடித்த கேமரூனின் ரோஜர் மில்லாவும், 50 வயதைக் கடந்தும் ஜப்பானில் ஆடிக்கொண்டிருந்த மியூராவும் ஏற்கெனவே பேர் பெற்ற பிறகு முதுமையை எதிர்த்தவர்கள். அவர்களுக்காகக் கதவைத் திறந்து வைத்திருக்க ஆட்கள் இருந்தார்கள். கால்பந்தில் வயதின் பெயரால் நடக்கும் கொடுமை நாற்பதில் நடப்பதில்லை. அது ஒன்பது வயதில், பதினைந்து வயதில் நடக்கிறது. பிள்ளையைக் கிழவனாக்கி வெளியே அனுப்பிவிடுகிறார்கள். வயது வெறும் எண் என்று சொல்லுவது மேடைப் பேச்சுக்குச் சரி. உங்கள் மருமகனை வாசலில் நிறுத்தியது அந்த எண்தான்.

உங்கள் கடிதம் வந்தபோது நான் இங்கிலாந்தின் கால்பந்து ஆட்டக்காரர் இயன் ரைட்டைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். தென்கிழக்கு லண்டனில், ஜமைக்காவிலிருந்து வந்த பெற்றோருக்கு 1963 நவம்பரில் பிறந்தவர். வீட்டில் நிம்மதி கிடையாது. வகுப்பில் அடங்காதவன் என்று ஆசிரியர்கள் வெளியே நிறுத்திவிடுவார்கள். சிட்னி பிக்டன் என்ற ஆசிரியர், இரண்டாம் உலகப் போரில் விமானியாக இருந்தவர், அவனை உள்ளே அழைத்துச் சென்று எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். வருகைப் பதிவேடுகளைச் சேகரித்து வரும் பொறுப்பைக் கொடுத்தார். பந்தை வலைக்குள் ஆத்திரத்தோடு அடிக்காமல் நிதானமாக அனுப்பக் கற்றுக்கொடுத்தார். அதன் பிறகு சவுத்எண்ட், பிரைட்டன் போன்ற கிளப்புகளில் நடந்த தேர்வுகளில் பையன் கழிக்கப்பட்டான். கழிக்கப்பட்ட பையன் என்ன ஆவானோ அதுவே ஆனான்: கட்டட வேலை, சுவர்ப் பூச்சு வேலை, சிறு வயதிலேயே குடும்பம், வண்டி தொடர்பான அபராதங்களைக் கட்டாமல் செல்ம்ஸ்ஃபோர்டு சிறையில் இரண்டு வாரம். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கம்பக்கத்து அணிக்கும், பிறகு வாரக்கூலி போன்ற ஒரு தொகைக்குக் கிரீனிச் பரோ என்ற சிறு கிளப்புக்கும் ஆடினான்.

கிறிஸ்டல் பாலஸ் கிளப்பிலிருந்து அழைப்பு வந்தபோது அவனுக்கு 21 வயது. இங்கிலாந்தில் பிள்ளைகள் பதினாறு வயதில் கிளப்போடு ஒப்பந்தம் போடுகிற காலம் அது. 21 வயதில் எந்தப் பயிற்சிக் கூடத்திலும் பெயரில்லாதவனுக்கு மைதானத்தில் சோலி இல்லை என்பது எழுதப்படாத சட்டம். அவனே அதை நம்பிவிட்டிருந்தான். பலமுறை கழிக்கப்பட்டவனுக்கு இன்னொரு தேர்வு என்பது இன்னொரு அவமானம். கையிலிருக்கும் வேலையை அதற்காக விட அவன் தயங்கியதில் வியப்பில்லை. ஸ்டீவ் கொப்பல் என்ற மேலாளர் 1985 ஆகஸ்டில் மூன்று மாதத்துக்கு மட்டும் ஒப்பந்தம் கொடுத்துப் பார்த்தார். இந்த கொப்பல் முழங்கால் காயத்தால் 28 வயதில் ஆட்டத்தைத் துறந்தவர். முடிந்துவிட்டது என்று சொல்லக் கேட்பது எப்படி இருக்கும் என அறிந்தவர். (ஆடுவதா படிப்பதா என்று கேட்டீர்களே, இதே கொப்பல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டேதான் டிரான்மியர் ரோவர்ஸுக்கு ஆடத் தொடங்கினார்.)

அதன் பிறகு நடந்தது ஊரறிந்த கதை. இங்கிலாந்துக் கிளப்புகள் மோதும் எஃப்.ஏ. கோப்பையின் 1990 இறுதியாட்டத்தில், அந்தப் பருவத்தில் இருமுறை கால் எலும்பு முறிந்திருந்த ரைட், அணி ஒன்றுக்கு இரண்டு என்று பின்தங்கியிருந்தபோது மாற்று ஆட்டக்காரராக இறங்கி மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக இரண்டு கோல் அடித்தார். ஆட்டம் மூன்றுக்கு மூன்று என்று முடிந்தது. மறு ஆட்டத்தில் பாலஸ் தோற்றதை இன்று அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. 27 வயதில் இங்கிலாந்துக்கு முதல் ஆட்டம். 1991 இல் லண்டனின் ஆர்சனல் கிளப் 25 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கியது. 1997 செப்டம்பரில் ஆர்சனலுக்காகக் கிளிஃப் பாஸ்டின் அடித்து வைத்திருந்த 178 கோல் சாதனையைக் கடந்தார். கடப்பதற்கு முன்பே, சமன் செய்த கோலுக்கே, சட்டையைத் தூக்கி உள்ளே எழுதி வைத்திருந்த 179 என்ற எண்ணைக் காட்டிவிட்டார் என்பது தனி வேடிக்கை. அப்போது அவருக்கு 33 வயது. அந்த அவசரத்தை நான் மன்னித்துவிட்டேன். பதினாறிலிருந்து இருபத்தொன்று வரை காக்க வைக்கப்பட்டவனுக்குச் சில நிமிடங்கள் முந்திக்கொள்ள உரிமை உண்டு.

இங்கே நீங்கள் எழுந்து, ‘பார்த்தீர்களா, திறமை இருந்தால் ஒருநாள் ஜெயிக்கலாம்’ என்பீர்கள். அதைத்தான் ஏற்க மாட்டேன். ரைட்டின் கதையை நாம் அறிவோம், ஏனென்றால் ஒருவர் தற்செயலாக அந்தப் பக்கம் ஆட்டம் பார்க்க வந்தார். அவரோடு அதே ஞாயிற்றுக்கிழமை மைதானங்களில் ஆடி, யாரும் பார்க்க வராததால் சுவர் பூசியே முடிந்து போனவர்களைப் பற்றி நமக்கு எதுவும் தெரியாது. தப்பிப் பிழைத்தவனைக் காட்டி வடிகட்டியை நியாயப்படுத்தக் கூடாது.

அந்த வடிகட்டி எப்படி வேலை செய்கிறது என்பதை உங்கள் கடிதம் உங்களை அறியாமலே சொல்லிவிட்டது. ஐந்து நாள் கழித்துப் பிறந்திருந்தால் என்று வருத்தப்படுகிறீர்கள். இந்தத் தேர்வில் தவறியதைப் பற்றி மட்டும் கவலைப்படுகிறீர்கள். உண்மையில் உங்கள் மருமகன் பந்தைத் தொட்ட நாள் முதல் ஒவ்வோர் ஆண்டும் இதே தேதியிடம் தோற்றுக்கொண்டிருக்கிறான். ஜனவரி 1 தொடக்கம் என்று வைத்தால், 2009 பிரிவில் ஜனவரியில் பிறந்தவன் அவனைவிட ஏறக்குறைய ஒரு வயது மூத்தவன். முப்பது வயதில் ஒரு வருடம் ஒன்றுமில்லை. எட்டு வயதில் அது வாழ்நாளில் எட்டில் ஒரு பங்கு. மூத்தவன் உயரமாக இருப்பான், வேகமாக ஓடுவான்; பயிற்சியாளர் அதைத் திறமை என்று எண்ணுவார். அவனை முதல் அணியில் வைப்பார். முதல் அணிக்கு நல்ல பயிற்சி, அதிக ஆட்டங்கள், வெளியூர்ப் போட்டிகள். நான்கு ஆண்டுகளில் அந்த மூத்தவன் உண்மையாகவே திறமைசாலியாகி விடுகிறான். டிசம்பர்ப் பிள்ளை வெளியே உட்கார்ந்து தண்ணீர்ப் புட்டியைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறான்.

இது என் கற்பனை இல்லை. பெல்ஜியத்தில் 1997 இல் இளையோர் கால்பந்தின் ஆண்டுத் தொடக்கத்தை ஆகஸ்ட் 1 இலிருந்து ஜனவரி 1 க்கு மாற்றினார்கள். அதுவரை தேர்வுகளில் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் பிறந்தவர்களே குவிந்திருந்தார்கள். மாற்றிய உடனே ஜனவரி, பிப்ரவரிப் பிள்ளைகள் பெருகினார்கள். ஒரு நாட்டின் திறமை ஓராண்டில் ஐந்து மாதம் நகருமா? நகர்ந்தது கோடுதான். இங்கிலாந்தில் கோடு செப்டம்பர் 1 இல் இருக்கிறது. ரைட் நவம்பரில் பிறந்தவராதலால் அவருக்கு மாதம் பகையாக இருக்கவில்லை, அதை மறைக்கக் கூடாது. ஆனால் ஹாரி கேன் பிறந்தது ஜூலை 28. தன் ஆண்டின் கடைசிப் பிள்ளைகளில் ஒருவர். குண்டுப் பையன், ஓட்டம் போதாது என்று ஆர்சனல் ஒரே பருவத்தில் திருப்பி அனுப்பியது. இன்று இங்கிலாந்து அணிக்கு அதிக கோல் அடித்தவர் அவர். ஜேமி வார்டியை உயரம் போதாது என்று ஷெஃபீல்ட் வென்ஸ்டே கழித்தபோது அவருக்குப் பதினாறு வயது. கை, கால்களுக்குத் தாங்கலாகக் கட்டும் மருத்துவச் சிம்புகள் செய்யும் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டு கீழ்ப் பிரிவுகளில் ஆடி, 25 வயதில் லெஸ்டர் கிளப்புக்கு வந்தார். 2016 இல் லீக் பட்டம் வென்றார். உயரம் பின்னால் தானே வந்தது. அதற்குக் காத்திருக்கத்தான் ஆளில்லை.

ஏன் காத்திருப்பதில்லை என்பதற்கும் காரணம் உண்டு. கிளப்புக்கு ஆட்டக்காரன் ஒரு முதலீடு. பதினெட்டில் எடுத்தவனை இருபத்திரண்டில் விற்கலாம். இருபத்திரண்டில் எடுத்தவனை விற்பதற்குள் அவன் விலை இறங்கத் தொடங்கிவிடும். பயிற்சியாளருக்கோ இந்த ஆண்டுக் கோப்பை வேண்டும், அதற்கு இன்றைக்கு வளர்ந்து நிற்கும் பையன் வேண்டும். மாற்று வழிகள் தெரியாதவையும் அல்ல: பெல்ஜியம் மெதுவாக வளரும் பிள்ளைகளுக்கென்றே தனி இளையோர் அணி வைத்தது, இங்கிலாந்துக் கிளப்புகள் சில ஆட்டங்களில் பிறந்த தேதிக்குப் பதிலாக உடல் வளர்ச்சியைக் கொண்டு பிள்ளைகளைப் பிரித்துப் பார்க்கின்றன.

இப்போது அந்தச் சான்றிதழுக்குத் திரும்பி வருகிறேன், ஏனென்றால் உங்கள் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. இளையோர் தேர்வு நடக்கும் மைதான வாசல்களில் நானும் நின்றிருக்கிறேன். மேசைக்கு முன்னால் நீண்ட வரிசை. தந்தைமார் கையில் பிளாஸ்டிக் உறைக்குள் பிறப்புச் சான்றிதழ். மேலுதட்டை அன்று காலையில்தான் மழித்ததற்கான வெட்டுக்காயத்தோடு ஒருவன் நிற்பான். அவனுக்குப் பின்னால், சட்டை முழங்காலைத் தொட, ஒரு சின்னப் பையன். இருவருக்கும் காகிதத்தில் ஒரே வயது. உங்கள் மருமகன் இத்தனை காலம் அந்தச் சின்னப் பையனாக இருந்தவன். நீங்கள் டிசம்பர் 27 ஐ அழித்து ஜனவரி 1 என்று எழுதினால், தன் ஆண்டின் கடைசிப் பிள்ளை ஒரே கையெழுத்தில் அடுத்த ஆண்டின் முதல் பிள்ளையாகிவிடுவான். 2010 டிசம்பரில் பிறந்த எவனோ ஒருவன் அவன் இடத்தில் வெளியே போய் உட்காருவான். அவனுக்கும் ஒரு மாமன் இருப்பார். அவருக்கும் யாராவது ஓர் ஆளைக் காட்டுவார்கள்.

பிக்டனைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அவர் இறந்துவிட்டதாகவே ரைட் நினைத்திருந்தார். பல ஆண்டுகள் கழித்து ஆர்சனலின் பழைய ஹைபரி மைதானத்தின் ஆளற்ற இருக்கைகளுக்கு நடுவே அவரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். திரும்பிப் பார்த்த ரைட், நாற்பதைக் கடந்த மனிதர், தலையிலிருந்த தொப்பியைச் சட்டென்று கழற்றிவிட்டு அழுதார். கழற்றச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அந்த ஆசிரியர் அவனைச் சேர்த்துக்கொண்டபோது எந்தக் காகிதத்தையும் பார்க்கவில்லை, பையனைப் பார்த்தார். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு உடனடியாகத் தேவைப்படுவது அப்படி ஒருவர்.

நீங்கள் அந்த ஒருவராக இருக்கலாமே. அவனை இந்த ஆண்டு அடுத்த தேர்வுக்கும் அதற்கடுத்த தேர்வுக்கும் இழுத்துக்கொண்டு அலையாதீர்கள். உங்கள் மாவட்டத்தில் பெரியவர்களுக்கான லீக்கில் ஆடும் அணி ஏதேனும் மாலையில் பயிற்சி செய்கிறதா என்று விசாரியுங்கள். அங்கே யாரும் தேதி கேட்பதில்லை. முதலில் பந்தை எடுத்துப் போட மட்டும்தான் விடுவார்கள், விடட்டும். பள்ளிக்கூடம் பாட்டுக்கு நடக்கட்டும்.

அடுத்த கடிதத்தில் அவன் எந்த இடத்தில் ஆடுகிறான், எந்தக் காலால் அடிக்கிறான் என்று எழுதுங்கள். பிறந்த தேதியை நாள் பிசகாமல் எழுதியிருக்கிறீர்கள், இது எங்கும் இல்லை.