இலவசக் கல்வியும் வேலையின்மையும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

கல்விக்கும் சுகாதாரத்துக்கும் அரசு கூடுதலாகச் செலவிட்டால் வேலையின்மை குறையும் என்று எழுதியிருந்தீர்கள். இலங்கையில் 1945 முதல் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசம், மருத்துவமும் இலவசம். ஆயினும் படித்தவர்களிடம்தான் வேலையின்மை அதிகம். அப்படியானால் அந்தச் செலவு வீண்தானே?

வாசகர், மட்டக்களப்பு

அன்புள்ள நண்பருக்கு,

நான் எழுதிய வாக்கியம் அவசரத்தில் எழுதியது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘வீண்’ என்பதை ஏற்க மாட்டேன்.

மலேரியா ஒழிப்பும் கிராமங்கள்வரை சென்ற மருத்துவமனைகளும் சேர்ந்து, 1946-இல் ஆயிரத்துக்கு 20 அளவிலிருந்த இறப்பு வீதத்தை அடுத்த ஆண்டே 14 அளவுக்கு இறக்கின. அப்போது பிழைத்த குழந்தைகள் படித்து முடித்து 1960-களின் பிற்பகுதியில் வேலை தேடி வந்தபோது, தேயிலை, இறப்பர், தெங்கு என்று மூன்று பயிர்களை நம்பியிருந்த பொருளாதாரத்தில் அவர்களுக்கு இடமில்லை. அரசைக் கவிழ்க்க 1971 ஏப்ரலில் ஜே.வி.பி. நடத்திய ஆயுதக் கிளர்ச்சியில் இறங்கியவர்களுள் பலர் படித்த கிராமத்து இளைஞர்களே. அவ்வாண்டு பொருளியலாளர் டட்லி சியர்ஸ் தலைமையில் வந்த சர்வதேச தொழில் தாபனக் குழு, வேலைகள் போதாமையோடு, படித்தவர் எதிர்பார்ப்பதும் கிடைக்கும் வேலையும் பொருந்தாமையையும் சுட்டிக்காட்டியது.

இந்த எதிர்பார்ப்பைச் சோம்பல் என்று ஏசுவோர் உண்டு. ஓய்வூதியம் தரும் அரச உத்தியோகத்துக்காக ஓரிரு ஆண்டு காத்திருப்பது கணக்குத் தெரிந்தவர் செய்யும் காரியம்தான். 2017-இல் உங்கள் ஊரிலும் யாழ்ப்பாணத்திலும் பட்டதாரிகள் மாதக்கணக்கில் போராட்டத்தில் அமர்ந்திருந்தார்கள். 2020-இல் அரசு பல்லாயிரம் பட்டதாரிகளை மொத்தமாகச் சேர்த்துக்கொண்டது. காத்திருந்தால் கிடைக்கும் என்று கற்றுக்கொடுத்தது அரசேயன்றிப் பள்ளிக்கூடமன்று.

நீங்கள் நம்பும் புள்ளிவிவரத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கணக்கெடுக்கும் கிழமையில் ஒரு மணிநேரம் கூலிக்குப் போனவரும் அதில் தொழில் உள்ளவரே. வீட்டார் தாங்க வழியில்லாத, படிக்காத ஏழை, கிடைத்த கூலியைச் செய்து வேலையற்றோர் பட்டியலிலிருந்து விலகிவிடுகிறார். காத்திருக்க வசதியுள்ள பட்டதாரி பட்டியலில் நிற்கிறார்.

1978-இல், ஏற்றுமதித் தொழிற்சாலைகளுக்கு வரிச்சலுகையோடு ஒதுக்கிய கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் திறந்தபின் ஆடைத் தொழிற்சாலைகள் பெருகியபோது, எழுதப் படிக்கத் தெரிந்த, உடல்நலமுள்ள இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலைக்கு வந்தார்கள். அவர்களை உருவாக்கியது நீங்கள் வீண் என்கிற அதே செலவுதான். ஆகவே என் வாக்கியத்தை இப்படித் திருத்துகிறேன்: அந்தச் செலவு வேலைக்குத் தகுதியானவர்களை உருவாக்கும், வேலையை உருவாக்கத் தொழிற்கொள்கை தனியாக வேண்டும்.