பள்ளி மேலாண்மைக் குழு: கையெழுத்துப் போடும் முன்னால்

கடலூர், புதுச்சேரி வாசகர்களிடமிருந்து இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பள்ளி மேலாண்மைக் குழுவைப் பற்றியவை. அவற்றுக்கு மட்டும் இந்த இதழில் பதில்.

கேள்வி: மகள் மூன்றாம் வகுப்பு, அரசுப் பள்ளி. குழுத் தேர்தல் என்று துண்டுச் சீட்டு வந்ததால் போனேன். பெயர்ப் பட்டியலை முன்னாடியே எழுதி வைத்துவிட்டு, ‘கையெழுத்துப் போட்டுட்டுப் போங்கம்மா’ என்றார்கள். இதுதான் முறையா?
— வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

முறையே இல்லை. இந்தக் குழு 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 21-ஆம் பிரிவின்படி அமைவது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. தமிழ்நாட்டில் 2022-ல் குழுக்களைப் புதிதாகக் கட்டியபோது உறுப்பினர்கள் 20 பேர். 2024 ஆகஸ்டில் மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 ஆக்கினார்கள். அந்தக் கணக்கில் பெற்றோர் மட்டும் 18 பேர் வர வேண்டும், மொத்தத்தில் பெண்கள் 12 பேருக்குக் குறையக் கூடாது. நலிவுற்ற, பின்தங்கிய பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் உண்டு. அதனால் பட்டியலைப் பார்த்ததும் முதலில் தலைகளை எண்ணுங்கள். 18 வருகிறதா? அந்தப் பதினெட்டுப் பேரின் பிள்ளைகளும் இன்றைய தேதியில் இந்தப் பள்ளியில்தான் படிக்கிறார்களா?

நல்லபடியாக நடக்கும் கூட்டத்தில் வகுப்பு வாரியாகப் பெயர் கேட்பார்கள். விருப்பம் சொன்னவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவார்கள். இடத்தைவிடப் பெயர் அதிகமானால் கைதூக்கச் சொல்லியோ சீட்டு எழுதியோ முடிவு செய்வார்கள். எண்ணிக்கையை எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுவார்கள். இதற்கு ஒரு மணி நேரம் போதும். ஆனால் வேலை நாள் மத்தியானத்தில் கூட்டம் வைத்தால் கூலி வேலைக்குப் போகிற தாய்மார்கள் வர முடியாது. வந்த பத்துப் பேரை வைத்தே பட்டியல் நிரம்பிவிடும். பெரும்பாலான பள்ளிகளில் கோளாறு தொடங்குவது இங்கேதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். குழுவின் காலம் 2 ஆண்டு. ஐந்தாம் வகுப்போடு முடிகிற தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பெற்றோரையே நிறையப் போட்டால், அடுத்த ஜூனில் பிள்ளைகளோடு அவர்களும் போய்விடுவார்கள். பாதி இடம் காலியாகிவிடும். ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புப் பெற்றோர் அதிகம் இருப்பதே நல்லது. நீங்கள் நிற்பதற்கு ஏற்ற ஆள்.

இனி கையெழுத்து விஷயம். நீளமான அந்த நோட்டில் ‘வந்திருந்தோர்’ என்று ஒரு பக்கம், தீர்மானம் எழுத ஒரு பக்கம் இருக்கும். மேலே தேதியும் கூட்டப் பொருளும் எழுதாத பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வருகைக்கென்று போட்ட கையெழுத்துக்கு மேலே பிறகு ஒரு தீர்மானம் முளைத்தால், நீங்கள் சம்மதித்ததற்கு அதுவே சாட்சி. கடைசிப் பெயருக்குக் கீழே ஒரு கோடு இழுத்து, எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணில் எழுதச் சொல்லுங்கள். கேட்க மறுத்தால் தொடக்க, நடுநிலைப் பள்ளிக்கு வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் மனு கொடுங்கள். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி என்றால் மாவட்டக் கல்வி அலுவலர். அங்கும் அசையவில்லை என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டம் இருக்கிறது. மனு கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் வராதீர்கள்.

கேள்வி: எங்கள் வார்டு கவுன்சிலர் தானே குழுத் தலைவராக வருவேன் என்கிறார். முடியுமா?
— வாசகர், மஞ்சக்குப்பம்

முடியாது. தலைவர் பெற்றோரில் ஒருவராக, அதுவும் பெண்ணாக இருக்க வேண்டும் என்பது மறுகட்டமைப்பு நெறிமுறை. கவுன்சிலருக்கு உள்ளாட்சிப் பிரதிநிதி என்ற முறையில் உறுப்பினர் இடம் கிடைக்கலாம், அவ்வளவுதான். பெற்றோர் ஆசிரியர் கழகத்தோடு இதைக் குழப்பிக்கொள்வதால்தான் இந்தக் கேள்வியே வருகிறது. அந்தக் கழகம் வேறு, சட்டப்படி அமையும் இந்தக் குழு வேறு. அங்கே தலைவராக இருக்கிறார் என்பதால் இங்கே நாற்காலி கிடைத்துவிடாது.

கிராமத்துப் பள்ளிகளுக்கு ஒரு சேதி: கடலூர் மாவட்டத்தில் 2019 டிசம்பரில் தேர்வான ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்துவிட்டது. அவர்களில் யாரையாவது ‘உள்ளாட்சிப் பிரதிநிதி’ என்று பட்டியலில் காட்டினால், அன்றைக்கு அவர் பதவியில் இருக்கிறாரா என்று கேளுங்கள்.

கேள்வி: என்னைத் தலைவராகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். நூறு நாள் வேலைக்குப் போகிறவள், எட்டாவது வரைதான் படிப்பு. பில்லிலும் தீர்மானத்திலும் கையெழுத்துக் கேட்கிறார்கள். எதைப் பார்த்துப் போட வேண்டும்?
— வாசகி, குறிஞ்சிப்பாடி வட்டாரம்

எட்டாவது படிப்பு தாராளமாகப் போதும். முதலில் பள்ளிக்கு எவ்வளவு பணம் உண்டு என்று தெரிந்துகொள்ளுங்கள். பள்ளிக் கல்விக்கான மத்திய, மாநில அரசுகளின் கூட்டுத் திட்டமான சமக்ர சிக்ஷாவின் விதிப்படி பள்ளி மானியம் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. 30 பேர் வரை ஆண்டுக்கு ₹10,000, 100 பேர் வரை ₹25,000, 250 பேர் வரை ₹50,000, 1,000 பேர் வரை ₹75,000, அதற்கு மேல் ₹1,00,000. இதில் பத்தில் ஒரு பங்காவது துப்புரவுக்குப் போக வேண்டும். உங்கள் பள்ளியில் 140 பிள்ளைகள் என்றால் மானியம் ₹50,000, அதில் குறைந்தது ₹5,000 கழிவறைக்கும் கைகழுவும் இடத்துக்கும்.

பில்லைக் கையில் வாங்கினால் மூன்று தேதிகளைப் பாருங்கள்: குழு ஒப்புதல் கொடுத்த தேதி, பில் தேதி, பொருள் இருப்புப் பதிவேட்டில் ஏறிய தேதி. இந்த வரிசையில்தான் இருக்க வேண்டும். பில் தேதி முந்தியிருந்தால், வாங்கி முடித்துவிட்டு உங்களிடம் ஒப்புதல் கேட்கிறார்கள் என்று அர்த்தம். அடுத்து, பொருளைக் கண்ணால் பாருங்கள். ‘கழிவறைப் பழுது’ என்று பில் வந்தால் பெண் பிள்ளைகள் கழிவறைக்கு நேரே போய், கதவைச் சாத்தி, உள்ளே தாழ்ப்பாள் விழுகிறதா என்று போட்டுப் பாருங்கள். குழாயைத் திறந்து பாருங்கள். தாழ்ப்பாள் இல்லாத கழிவறைக்குப் போகப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் உண்டு. உங்கள் கையெழுத்து அவர்களுக்கானது. கணவரோ மைத்துனரோ ‘நான் போய்ப் போட்டுட்டு வரேன்’ என்றால் விடாதீர்கள். பெயர் உங்களுடையது, பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்.

பணத்தைவிடப் பெரிய அதிகாரம் ஒன்று 22-ஆம் பிரிவில் இருக்கிறது: பள்ளி வளர்ச்சித் திட்டம். மூன்று ஆண்டுக்கு எத்தனை பிள்ளைகள் வருவார்கள், எத்தனை ஆசிரியர் வேண்டும், என்ன கட்டடம் வேண்டும் என்று குழு எழுதும் திட்டம் அது. நிதியாண்டு முடிய மூன்று மாதம் முன்னால், அதாவது டிசம்பர் முடிவதற்குள் தயாராக இருக்க வேண்டும். நம் கரையில் டிசம்பரை நம்பக் கூடாது. தானே புயல் அடித்தது 2011 டிசம்பர் 30. ஃபெஞ்சல் கரை கடந்தது 2024 நவம்பர் 30. அக்டோபர் கூட்டத்திலேயே எழுதி முடித்துவிடுங்கள். வெள்ளக் காலத்தில் பள்ளிக்கூடம்தான் நிவாரண முகாம். ஜனம் தங்கிப் போனபின் அடைத்துக்கொண்ட கழிவறையும் உடைந்த குழாயும் பள்ளியின் தலையில் விழும். அதற்கான செலவையும், பதிவேடுகளை உயரத்தில் வைக்க ஒரு அலமாரியையும் திட்டத்தில் சேருங்கள்.

ஆசிரியர் கணக்கும் சட்டத்திலேயே உண்டு. தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4. 60 பேர் இருக்கும் பள்ளியில் இன்னும் ஒரே ஒரு பிள்ளை சேர்ந்தால் மூன்றாவது ஆசிரியரைக் கேட்கும் உரிமை வருகிறது. ஜூன் மாதச் சேர்க்கைக்குக் குழு தெருத் தெருவாகப் போக வேண்டியது இதற்காகத்தான்.

கேள்வி: புதுச்சேரியில் இதெல்லாம் பொருந்துமா?
— வாசகர், முத்தியால்பேட்டை

சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்று. பாடத்திட்டம் சி.பி.எஸ்.இ. ஆகிவிட்டாலும் அரசுப் பள்ளிக்கு மேலாண்மைக் குழு கட்டாயம். 75 சதவீதம் பெற்றோர், 50 சதவீதம் பெண்கள் என்பதில் மாற்றமில்லை. 24, 18 என்ற எண்ணிக்கை மட்டும் தமிழ்நாட்டு நெறிமுறை. உள்ளாட்சி இடம்தான் அங்கே சிக்கல்: 1968-க்குப் பிறகு 2006-ல்தான் புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது, அதில் வென்றவர்களின் காலமும் 2011-ல் முடிந்தது. அரசு உதவி பெறும் பள்ளி என்றால், 2012 திருத்தத்தின்படி குழு ஆலோசனை மட்டும்தான் சொல்லலாம்.

கேள்வி: மகள் நியூ ஜெர்சியில் எச்-1பி விசாவில் வேலை செய்கிறாள், சொந்த வீடு. ‘ஸ்கூல் போர்டு’ தேர்தலுக்கு வீட்டுக்கு வந்து ஓட்டுக் கேட்கிறார்களாம். வரி கட்டுவதால் ஓட்டுப் போடலாமா? நம் குழுவும் அதுவும் ஒன்றா?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், நெல்லிக்குப்பம்

ஓட்டுப் போடக் கூடாது. பெயரைப் பதியவும் கூடாது. இதை மகளிடம் இன்றைக்கே சொல்லுங்கள். நியூ ஜெர்சியில் அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டுமே வாக்கு. கிரீன் கார்டு இருந்தாலும் கிடையாது. ஓட்டுநர் உரிமம் எடுக்கும் அலுவலகத்தில் வாக்காளர் பதிவுப் படிவமும் சேர்ந்து வரும். அதில் ‘குடிமகன்’ என்ற கட்டத்தில் தெரியாமல் டிக் செய்தால்கூட பின்னால் குடியுரிமை விண்ணப்பம் மாட்டிக்கொள்ளும். நாடு கடத்தல் வரைக்கும் போகக்கூடிய விஷயம். ஏற்கெனவே பதிந்துவிட்டிருந்தால் தானாக எதையும் எழுதி அனுப்பாமல் குடியேற்ற வழக்கறிஞரைப் பார்க்கட்டும். சான் பிரான்சிஸ்கோவில் 2018 முதல் குடியுரிமை இல்லாத பெற்றோரும் பள்ளி வாரியத்துக்கு வாக்களிக்கிறார்கள் என்பது உண்மைதான். அது அந்த ஊரைப் போலச் சில ஊர்களில் மட்டும் உள்ள விதிவிலக்கு.

இரண்டும் ஒன்றல்ல. நம் குழு ஒரு பள்ளிக்கு. அங்கே வாரியம் ஒரு வட்டாரத்தின் எல்லா அரசுப் பள்ளிகளுக்கும். நியூ ஜெர்சியில் பெரும்பாலும் 9 உறுப்பினர்கள், 3 ஆண்டுக் காலம், ஆண்டுக்கு மூன்று இடத்துக்குத் தேர்தல். வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் இருக்காது. அந்த வட்டாரப் பள்ளிகளின் தலைமை நிர்வாகியான கண்காணிப்பாளரை நியமிப்பது, பட்ஜெட் போடுவது இரண்டும் வாரியத்தின் கையில். உங்கள் மகள் கட்டும் வீட்டு வரியில் ஏறத்தாழ பாதி பள்ளிகளுக்குத்தான் போகிறது. நம் குழு தலைமை ஆசிரியரை நியமிக்கவும் முடியாது, வரி போடவும் முடியாது.

ஓட்டு இல்லாவிட்டாலும் வாய் உண்டு. நியூ ஜெர்சிச் சட்டப்படி வாரியத்தின் ஒவ்வொரு கூட்டத்திலும் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்கியாக வேண்டும், அதற்குக் குடியுரிமை தேவையில்லை. ஒருவருக்கு மூன்று நிமிடம் போலத்தான் கிடைக்கும். நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே இணையத்தில் எடுத்து, எந்தப் பொருளைப் பற்றிப் பேசுகிறோம் என்று அதன் எண்ணைச் சொல்லித் தொடங்கினால் பேச்சு குறிப்பில் சரியான இடத்தில் ஏறும். பட்ஜெட் பற்றிப் பேசுவதானால் வசந்த காலத்துக் கூட்டங்களுக்கே போகட்டும். நவம்பர் தேர்தலுக்குள் அந்த ஆண்டுப் பணம் பங்கு போட்டு முடிந்திருக்கும்.