கவுன்சில் மறுத்துப்போட்டுது, அப்பீல் போடுறதா விடுறதா?

கேள்வி: அக்கா, நாங்கள் லண்டன் ஹரோ பக்கம் 1930களில கட்டின ஒரு செமி வீட்டில, ஒரு பக்கச் சுவர் பக்கத்து வீட்டோட ஒட்டின வீட்டில, இருக்கிறம். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், படி ஏற ஏலாது, அதால பின்பக்கம் நாலரை மீட்டர் நீட்டி கீழ அவவுக்கு ஒரு அறையும் பாத்ரூமும், மேல பிள்ளையளுக்கு ஒரு அறையும் எண்டு ரெண்டு தட்டாக் கட்டக் கவுன்சிலிட்ட பிளானிங் பெர்மிசன் கேட்டனாங்கள். பக்கத்து வீட்டு வெளிச்சம் மறையும், கட்டிடம் மிச்சம் பெரிசு எண்டு கவுன்சில் மறுத்துப்போட்டுது. லெட்டர் வந்து அஞ்சு கிழமை. எங்கட தெருவிலயே நாலு வீடு இப்பிடிக் கட்டியிருக்கு! அப்பீல் போட்டா வெல்லுவமா?

பதில்: தங்கச்சி, முதல்ல லெட்டரில இருக்கிற திகதியப் பாருங்கோ. இங்கிலாந்தில வீட்டு எக்ஸ்டென்சனுக்கு அப்பீல் போட அந்தத் திகதியில இருந்து 12 கிழமைதான், அப்ப உங்களுக்கு இன்னும் ஏழு கிழமை கிடக்கு. அப்பீல் கவுன்சிலுக்கு இல்லை, பிளானிங் இன்ஸ்பெக்டரேட் எண்ட அரசாங்க அமைப்புக்குப் போறது, காசு கட்டத் தேவையில்லை.

போட முதல் கவுன்சில் வெப்சைட்டில உங்கட அப்ளிகேசன் நம்பர அடிச்சு ஒபிசர் ரிப்போர்ட்ட, அதாவது உங்கட அப்ளிகேசனப் பாத்த கவுன்சில் ஆள் எழுதின அறிக்கைய, எடுத்து வடிவா வாசியுங்கோ. லெட்டரில ரெண்டு மூண்டு வரிதான் இருக்கும், எந்த ஜன்னல், எந்தப் பாலிசி எண்டதெல்லாம் ரிப்போர்ட்டிலதான். கன கவுன்சில்கள் 45 பாகைக் கணக்குப் பாக்கிறவை, பக்கத்து வீட்டின்ர கிட்ட இருக்கிற ஜன்னலில இருந்து 45 பாகையில ஒரு கோடு கீறி உங்கட கட்டிடம் அத வெட்டுதா எண்டு பாப்பினம். உங்கட மேல்தட்டு வெட்டுது எண்டா அப்பீல் கஷ்டம், வெட்டேல்லை எண்டா அதத்தான் முதல்ல எழுதவேணும்.

அம்மாவின்ர வருத்தத்த டொக்டர் கடிதத்தோட கட்டாயம் எழுதுங்கோ, ஆனா அத மட்டும் நம்பாதேங்கோ. வீட்டில ஆக்கள் மாறுவினம், கட்டிடம் நிக்கும் எண்டுதான் இன்ஸ்பெக்டர் யோசிப்பார். கேக்க மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு, ஆனா இது தெரியாமல் பக்கம் பக்கமாக் குடும்பக் கதை எழுதி மறுப்புக்கான காரணத்துக்குப் பதில் சொல்லாமல் தோக்கிறது அதவிடக் கஷ்டம். அந்த நாலு வீடும் அப்பிடித்தான், பெர்மிசன் தேவைப்படாமல் கட்டினதோ பழைய பாலிசியில குடுத்ததோ எண்டா உதவாது, உங்கட அளவுக்குக் கிட்ட அண்மையில கவுன்சில் ஓம் எண்டு சொன்னது ஒண்டு இருந்தா நம்பரோடயும் போட்டோவோடயும் வையுங்கோ. எல்லாத்தையும் முதல் தரமே அனுப்பிப்போடுங்கோ, பிறகு சேக்க இடம் தரமாட்டினம், பிளான மாத்திறதுக்கான இடமுமில்லை அது.

என்னக் கேட்டா அம்மாவின்ர அறைய மேல்தட்டோட சேத்துக் கேக்காதேங்கோ, ரெண்டையும் பிரிச்சுப் பாருங்கோ. செமி வீட்டுக்குப் பின்பக்கம் ஒரு தட்டு மட்டும் எண்டா 3 மீட்டர் வரைக்கும் பிளானிங் அப்ளிகேசனே வேண்டாம், 6 மீட்டர் வரைக்கும் பிரயர் அப்ரூவல் எண்டு, முழு அப்ளிகேசன் இல்லாமல் கட்ட முதல் கவுன்சிலிட்டக் கேக்கிற ஒரு வழி இருக்கு, உங்கட நாலரை மீட்டர் அதுக்குள்ள வருது. உயரம் 4 மீட்டருக்கு மேல போகக்கூடாது, வேலிக்கு 2 மீட்டருக்குக் கிட்ட எண்டா கூரை விளிம்பு 3 மீட்டருக்குள்ள நிக்கவேணும். முந்தி இருந்தவை பின்னால ஏதும் நீட்டியிருந்தா அதையும் சேத்துத்தான் அளப்பினம், கன்சர்வேசன் ஏரியா, அதாவது பழைய தோற்றத்தக் காப்பாத்தக் கவுன்சில் ஒதுக்கின பகுதி எண்டா இந்த 6 மீட்டர் வழி இல்லை, ரெண்டையும் முதலே பாத்திடுங்கோ.

மேல்தட்ட ஆழம் குறைச்சுப் புதுசாக் கேக்கலாம், அப்பீல் நடக்கேக்கையே கேக்கலாம். மறுத்தா அடுத்த தரம் ஃப்ரீ எண்டு இன்னும் சில பேர் சொல்லித்திரியினம், அது இங்கிலாந்தில 2023 டிசம்பரோட நிண்டுபோச்சு, 2025 ஏப்ரலில வீட்டு எக்ஸ்டென்சன் அப்ளிகேசன் ஃபீஸ் 258 பவுண்டில இருந்து 528க்கு ஏறினது, அதால பிளானக் கீறிறவரிட்ட 45 பாகைக் கோட்டையும் கீறிக் காட்டச்சொல்லிப்போட்டுக் காசக் கட்டுங்கோ.

பிரயர் அப்ரூவல் கேட்டா கவுன்சில் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கடிதம் போடும். அவை ஒருத்தரும் எதிர்க்கேல்லை எண்டா வெளிச்சக் கதைய அதில எடுக்கமாட்டினம், எதிர்த்தா எடுத்துப் பாப்பினம், முடிவு 42 நாளுக்குள்ள வரவேணும். அந்தக் கடிதம் போக முதல் நீங்களே பிளானக் கொண்டு போய் அவையோட இருந்து கதையுங்கோ, அம்மாவுக்குத்தான் இந்த அறை எண்டு அங்க சொல்லுங்கோ.